ஈயம் போன ஊரில் தரவுக்கு ஒரு தனித்தடம்

1885 ஜூன் 1ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதல் ரயில் ஓடியது. எட்டு மைல் பாதை. இலங்கையிலிருந்து தருவித்த பயனியர் படைப்பிரிவுகள் இரண்டு அதைப் போட்டு முடித்தன. பின்னாளில் அதே ரயில்வேயின் நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர்கள் வந்து நிறைந்தார்கள். தைப்பிங்கைச் சுற்றிய லாருட் சுரங்கங்களில் எடுத்த ஈயம் கப்பலேற வேண்டிய இடம் கடற்கரை. இடையில் சதுப்பு நிலம், மழையில் கரையும் வண்டிப்பாதை. ஈயத்தின் அளவு கூடக் கூட, ஊரார் எல்லாரும் போகிற பாதையை நம்பிப் பயனில்லை என்றாயிற்று. சுரங்கத்துக்கும் துறைக்கும் நடுவே தனியாக ஒரு தடம் போட்டார்கள். போர்ட் வெல்ட் இப்போது கோலா செபெத்தாங். தண்டவாளம் போய்விட்டது. நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் நான்கு எழுத்தில் நிற்கிறது, அதில் ஒன்று தமிழ்.

சரக்கு ஓரிடத்தில் உருவாகிறது, போய்ச் சேர வேண்டிய இடம் வேறெங்கோ இருக்கிறது, நடுவிலுள்ள பொதுவழி போதவில்லை. இந்தக் கணக்கு தைப்பிங்கை விட்டு இன்னும் போகவில்லை. சரக்குதான் மாறியிருக்கிறது.

தைப்பிங்கை ஒட்டிய கமுந்திங்கில் ரப்பர் கையுறை செய்யும் ஆலை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். ஓடும் வரிசையில் வரும் ஒவ்வொரு கையுறையையும் கேமரா படமெடுக்கிறது. ஊசிமுனையளவு துளை இருந்தாலும் கண்டுபிடித்துவிட வேண்டும். படங்கள் ஒரு நாளைக்கு 2 டெராபைட் சேர்கின்றன. அவற்றைச் சேமிக்கவும் அலசவும் தேவைப்படும் கணினிகளை ஆலை வாங்கவில்லை, கிளவுட் நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்திருக்கிறது. நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் 2 டெராபைட்டை அனுப்ப 44 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அதாவது ஒரு நாள் சரக்கை ஒரு நாளில் அனுப்பி முடிக்க முடியாது. நொடிக்கு 1 கிகாபிட் முழுசாகக் கிடைத்தால் ஏறத்தாழ நாலரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

போய்ச் சேர வேண்டிய இடமும் அண்மையில்தான் பக்கத்தில் வந்தது. அமேசான் வெப் சர்வீசஸ் 2010இல் சிங்கப்பூரில் தன் தரவு மையங்களைத் திறந்தது. மலேசிய நிறுவனங்கள் பலவும் நெடுநாள் அங்கேதான் கணினி வாடகைக்கு எடுத்தன. 2024 ஆகஸ்ட் 22 அன்று அதே நிறுவனம் மலேசியாவிலேயே தன் மையங்களைத் திறந்தது. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட் கோலாலம்பூர் வட்டாரத்தில் திறந்தது. தைப்பிங்கிலிருந்து கோலாலம்பூர் சாலை வழியே சுமார் 250 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். வெற்றிடத்தில் அது ஓடும் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே கோலாலம்பூர் போய்த் திரும்ப 2.5 மில்லி நொடியாவது ஆகும். சிங்கப்பூர் என்றால் 6 மில்லி நொடி. இதற்குக் கீழே எந்த நிறுவனமும் இறக்கித் தர முடியாது.

வேகம் ஒன்றுதான் சிக்கல் என்றால் பெரிய இணைய இணைப்பு வாங்கினால் தீர்ந்தது. ஆனால் பொது இணையத்தில் உங்கள் தரவு எந்த வழியாகப் போகும் என்பதை நீங்கள் தீர்மானிப்பதில்லை. உங்கள் இணையச் சேவை நிறுவனமும் முழுதாகத் தீர்மானிப்பதில்லை. உலகெங்கும் பல்லாயிரம் வலையமைப்புகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் பக்கத்து வலையமைப்பிடம், “இந்த இந்த முகவரிகளுக்கு என் வழியாகப் போகலாம்” என்று அறிவிக்கிறது. கேட்டுக்கொண்டது அடுத்ததற்குச் சொல்கிறது. இந்த அறிவிப்பு முறைக்கு பிஜிபி என்று பெயர். 1989 ஜனவரியில் கர்க் லாஹீட், யாகொவ் ரெக்டர் என்ற இரு பொறியாளர்கள் உணவு மேசைக் காகிதத் துடைப்பான்களில் அதன் முதல் வடிவத்தை வரைந்தார்கள். இன்றைய இணையம் முழுவதும் அந்த முறையின் மேல்தான் நிற்கிறது. அதன் பலம் எளிமை. அதன் பலவீனம், பக்கத்தில் இருப்பவர் சொல்வதை அப்படியே நம்புவது.

அந்த நம்பிக்கை எப்படி உடையும் என்று மலேசியாவிலிருந்தே உலகம் ஒருமுறை பார்த்தது. 2015 ஜூன் 12, வெள்ளிக்கிழமை, மலேசிய நேரம் மாலை 4:43. டெலிகாம் மலேசியாவின் வலையமைப்பு, தனக்குத் தெரிந்த சுமார் 179,000 முகவரித் தொகுதிகளுக்கான பாதைகளை, லெவல் 3 என்ற பெரும் பன்னாட்டு நிறுவனத்திடம் தவறுதலாக அறிவித்துவிட்டது. அன்றைய இணையப் பாதைப் பட்டியலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அது. லெவல் 3 அதை வடிகட்டாமல் ஏற்றுக்கொண்டது, மற்றவர்களுக்கும் சொன்னது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்த கணினிகளின் தரவு மலேசியாவை நோக்கித் திரும்பியது. அவ்வளவையும் தாங்கும் கேபிள் இங்கே ஏது? தரவுப் பொட்டலங்கள் வழியில் உதிர்ந்தன. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உலகின் பல மூலைகளில் இணையம் தவழ்ந்தது. டெலிகாம் மலேசியா மன்னிப்புக் கேட்டது. வேண்டுமென்று யாரும் செய்ததல்ல. அமைப்பில் ஒரு சிறு பிழை, அதைத் தடுக்க வேண்டிய இடத்தில் தடுப்பு இல்லை. எத்தனை எச்சரிக்கையான ஆலையாக இருந்தாலும் அன்று மாலை பொது இணையத்தை நம்பியிருந்தால், தன் பங்குக்கு எந்தத் தவறும் செய்யாமலே மாட்டியிருக்கும்.

இதற்குத் தீர்வாகத் தனி இணைப்பு வேண்டும் என்று கேட்பவர்களில் பலர் உண்மையில் விபிஎன்னைத்தான் மனத்தில் வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இந்த அத்தியாயத்தில் வேறெதையும்விட முக்கியமாக நினைக்கிறேன். விபிஎன் தரவைப் பூட்டுகிறது. ஆலையின் ரவுட்டரும் கிளவுட் பக்கத்து நுழைவாயிலும் ஒரு ரகசியச் சாவியை ஒத்துக்கொண்டு, எல்லாவற்றையும் மறைகுறியாக்கி அனுப்புகின்றன. வழியில் எவர் எடுத்துப் பார்த்தாலும் புரியாது. ஆனால் பாதை பழைய பொதுப்பாதைதான். 2015இல் நடந்தது மறுபடி நடந்தால் பூட்டிய பெட்டியும் கூட்டத்தோடு சேர்ந்து வழியில் நிற்கும். தனித்தடம் இதற்கு நேர்மாறு. பாதை உங்களுடையது. அதில் போகிற தரவு, நீங்கள் தனியாகப் பூட்டாவிட்டால், பூட்டப்படாமலே போகிறது. தனி லைன் வாங்கிவிட்டோம், இனிப் பாதுகாப்பு என்று எண்ணி மறைகுறியாக்கத்தை நிறுத்தும் அலுவலகங்கள் ஆபத்தைக் காசு கொடுத்து வாங்குகின்றன. கேபிள் கடந்து போகும் ஒவ்வொரு அறையிலும் அதைத் தொடக்கூடிய மனிதர்கள் இருக்கிறார்கள்.

தனித்தடம், தைப்பிங் இருக்கும் பேராக் மாநிலத்துக்குப் புதிதும் அன்று. மலாய்த் தீபகற்பத்தின் முதல் தந்திக் கம்பி 1870களில், கோலா கங்சாரில் இருந்த பிரிட்டிஷ் ரெசிடெண்டின் அலுவலகத்தையும் தைப்பிங்கில் துணை ரெசிடெண்டின் வீட்டையும் இணைத்தது என்று தொலைத்தொடர்பு வரலாறு பதிவு செய்கிறது. இரண்டு முனை, ஒரு கம்பி, நடுவில் வேறு எவருக்கும் வேலையில்லை. இன்றைய தனி இணைப்பின் இலக்கணமும் அதுவே.

இப்போது நம் கையுறை ஆலையின் தடத்தைப் பின்தொடர்வோம்.

ஆலையிலிருந்து தரவு மின்துடிப்பாகக் கிளம்பி, ரவுட்டரின் லேசர் முனையில் ஒளியாக மாறுகிறது. மனிதக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. கண்ணாடி வழியே தொலைதூரம் ஒளியை அனுப்ப முடியும் என்று 1966இல் சார்லஸ் காவ், ஜார்ஜ் ஹாக்கம் இருவரும் எழுதியபோது, அன்றைய கண்ணாடியில் சில பத்து மீட்டருக்குள் ஒளி செத்துவிடும். குறை ஒளியில் இல்லை, கண்ணாடியில் கலந்திருக்கும் அழுக்கில் என்று காவ் காட்டினார். அதற்குத்தான் 2009இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய இழையில் கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல்தான் இழப்பு. கேட்கச் சிறிதாக இருக்கிறது. ஆனால் 80 கிலோமீட்டர் போனால் கிளம்பிய ஒளியில் நாற்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆகவே தொலைதூரத் தடத்தில் வழி நெடுக எர்பியம் கலந்த இழைகளால் ஒளியைப் பெருக்கிக்கொண்டே போகிறார்கள்.

கோலாலம்பூர் நோக்கிப் போகும் கேபிள் எந்த மண்ணுக்கடியில் கிடக்கிறது? 1992இல் டெலிகாம் மலேசியாவும் கேடிஎம் ரயில்வேயும் கூட்டாக ஃபைபரெயில் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, தண்டவாளத்தை ஒட்டிய ரயில்வே நிலத்தில் இழைக் கேபிள் பதித்தன. காரணம் எளிது. நகரம் நகரமாக இணைக்கும் நீளமான நிலம், ஒரே உரிமையாளரிடம், வேலி போட்டு இருப்பது ரயில்வேயிடம்தான். இந்தியாவில் 2000இல் தொடங்கிய ரெயில்டெலும் இதே வழியில் வளர்ந்தது. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையை ஒட்டியும் கேபிள்கள் ஓடுகின்றன. மேற்குக் கரையின் ஊர்களை இணைக்க ஆங்கிலேயர் காலத்தில் தேர்ந்த தடத்தில் ஈயமும் ரப்பரும் போன பிறகு, இப்போது ஒளி போகிறது.

கோலாலம்பூரிலோ சைபர்ஜெயாவிலோ உள்ள பொதுத் தரவு மையம் ஒன்றில் அந்தக் கேபிள் வந்து முடிகிறது. கிளவுட் நிறுவனமும் அதே கட்டடத்தில் தன் ரவுட்டரை வைத்திருக்கும். நடுவே சில மீட்டர் இடைவெளி. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்த பிறகு, இணைப்பை அமைக்கும் வேலை பல நேரம் இந்தச் சில மீட்டரில்தான் தாமதமாகிறது. கிளவுட் நிறுவனம் ஒரு அனுமதிக் கடிதம் தரும்: இந்த ரேக்கில், இந்தப் பலகையில், இத்தனையாவது துளையில் இன்னாருடைய கேபிளைச் செருகலாம் என்று. கட்டட நிர்வாகத்தின் ஆள் அதைப் படித்து, மஞ்சள் உறையிட்ட இழைக் கேபிள் ஒன்றைக் கொண்டுவருவார். அதற்குள் ஒளி ஓடும் மையத்தின் குறுக்களவு 9 மைக்ரோமீட்டர். செருகுமுன் முனையைத் துடைத்து, உருப்பெருக்கி வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்கே தெரியாத ஒரு தூசி அந்த மையத்தின் மேல் உட்கார்ந்தால் இணைப்பு எழாது, அல்லது எழுந்து எழுந்து விழும். இழை இரட்டையாக வரும், ஒன்று அனுப்ப, ஒன்று வாங்க. இரு முனையிலும் ஒரே வரிசையில் செருகிவிட்டால் அனுப்பும் வாயை அனுப்பும் வாய் பார்த்துக்கொண்டிருக்கும், ஒளி வரவே வராது. ஒரு முனையில் மாற்றிச் செருகினால் சரியாகிவிடும். ரவுட்டரிடம் கேட்டால் வந்து சேரும் ஒளியின் அளவைச் சொல்லும். ஒரு மில்லிவாட் என்றால் அளவுகோலில் 0. அதில் மூன்றில் ஒரு பங்கு ஒளி வந்தால் -5 காட்டும். -40 என்று காட்டினால் ஒளியே இல்லை என்று பொருள், அப்போது மென்பொருளில் என்ன மாற்றினாலும் பயனில்லை.

ஒளி வந்துவிட்டது என்றால் பாதி வேலை முடிந்தது. மிச்சப் பாதி முகவரிகளில் இருக்கிறது.

ஆலைக்குள் இருக்கும் கணினிகளுக்கு 10 அல்லது 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகள் இருக்கும். இந்தத் தொகுதிகளை 1996இலேயே தனியார் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். பொது இணையத்தில் அவை செல்லாது. உலகில் யார் வேண்டுமானாலும் தன் வீட்டுக்குள் அவற்றையே வைத்துக்கொள்ளலாம். அங்கேதான் வம்பும் வருகிறது. கடையில் வாங்கிய ரவுட்டர் எந்த எண்ணோடு வந்ததோ அதையே ஆலை வைத்திருக்கும். கிளவுட்டில் வேலை செய்தவர் அதே எண் தொகுதியை அங்கேயும் கொடுத்திருப்பார். தனித்தடம் போட்டு இரண்டையும் இணைத்தவுடன், ஒரே முகவரி இரு பக்கமும் இருக்கிறது. பொட்டலம் ஆலையை விட்டு வெளியே போகாது. கேபிளுக்கு விண்ணப்பிக்கும் முன்பே இரு பக்கத்து முகவரிகளையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்பது பிறகு பல வாரங்களை மிச்சப்படுத்தும்.

தடத்தின் இரு முனையும் ஒன்றுக்கொன்று அறிமுகமாவது அதே பிஜிபி முறையில்தான். ஆலையின் ரவுட்டர் தன் உள்முகவரிகளை அறிவிக்கும், கிளவுட் ரவுட்டர் தன்னுடையதை அறிவிக்கும். பொது இணையத்தில் குழப்பம் விளைத்த அதே முறையை இங்கே எப்படி நம்புவது? இங்கே பேசுவது இரண்டு பேர் மட்டும். அத்தோடு வரம்பும் உண்டு. அமேசானின் தனி இணைப்பில் வாடிக்கையாளர் பக்கமிருந்து 100 பாதைகளுக்கு மேல் அறிவித்தால் அந்த உறவே துண்டிக்கப்படும். முதலில் பார்க்கும்போது கெடுபிடியாகத் தெரியும். 179,000 பாதைகள் ஒரே மூச்சில் கொட்டிய அந்த வெள்ளிக்கிழமையை நினைத்தால், இப்படி ஒரு மதகு அங்கே இருந்திருக்கக் கூடாதா என்றுதான் தோன்றும்.

எல்லாம் சரியாகப் போட்ட பிறகும் தரவு தனித்தடத்தில் போகாமல் இருக்க முடியும். காரணம் டிஎன்எஸ், பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும் அமைப்பு. கேமரா மென்பொருள் கிளவுட் சேமிப்பகத்தைப் பெயர் சொல்லித்தான் அழைக்கிறது. அந்தப் பெயருக்கு உலகம் முழுதும் தெரிந்த பொது முகவரி ஒன்று உண்டு. தனி இணைப்புக்கென்று உங்கள் கிளவுட் வலையமைப்புக்குள் திறந்த நுழைமுனைக்கு, 10.20.5.14 என்பதுபோல ஓர் உள்முகவரி உண்டு. ஆலையின் டிஎன்எஸ் பழைய பழக்கத்தில் பொது முகவரியைச் சொன்னால், பொட்டலம் தனித்தடத்தை ஏறிட்டும் பாராமல் இணையத்தின் வழியே கிளம்பிவிடும். வேலை நடக்கும், படங்கள் போய்ச் சேரும், எவரும் புகார் சொல்லமாட்டார்கள். மாதாமாதம் தனித்தடத்துக்கு வாடகையும் கட்டிக்கொண்டிருப்பார்கள். சோதிக்க ஒரு நிமிடம் போதும். ஆலைக் கணினி ஒன்றில் என்எஸ்லுக்கப் கட்டளைக்குச் சேமிப்பகத்தின் பெயரைக் கொடுங்கள். 10 என்று தொடங்கும் எண் வந்தால் சரி. வேறு ஏதாவது வந்தால் ஆலையின் டிஎன்எஸ், அந்தப் பெயரைக் கிளவுட் பக்கத்து டிஎன்எஸ்ஸிடம் கேட்கும்படி திருத்த வேண்டும். பிறகு சேமிப்பகத்தின் பொதுக் கதவை ஒரேயடியாகச் சாத்திவிடுங்கள். அப்போது தப்பான வழியில் போகிற பொட்டலம் சத்தமில்லாமல் போய்ச் சேராது, பிழைச் செய்தியாக உங்கள் கண்ணில் படும்.

தனித்தடத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு. பேராக்கின் தெலுக் இந்தானில், அன்றைய பெயரில் தெலுக் ஆன்சனில், 1894 செப்டம்பர் 17 அன்று தன் கூட்டத்தைக் காக்க வந்த காட்டு யானை ஒன்று ரயிலை முட்டித் தடம்புரளச் செய்து, தானும் மடிந்தது. அதன் நினைவாகப் பலகை ஒன்று அங்கே இருக்கிறது. பொதுச்சாலையில் மரம் விழுந்தால் வண்டி சுற்றிப் போகும். ஒற்றைத் தண்டவாளத்தில் சுற்றுவழி கிடையாது. பொது இணையத்துக்கு எத்தனையோ குறை இருந்தாலும், ஒரு கேபிள் அறுந்தால் வேறு வழி தேடிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. தனித்தடத்துக்கு அந்தக் குணத்தை நாம்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும். இன்றைய யானை, சாலை தோண்டும் இயந்திரம்.

கேபிளுக்கு மாற்றாகக் கம்பியில்லா நுண்ணலை இணைப்பை வைக்கலாமே என்று கேட்பவர்கள் தைப்பிங் மழையைக் கணக்கில் எடுக்க வேண்டும். தீபகற்பத்தில் அதிக மழை பெறும் ஊர்களில் இது முன்னணியில் நிற்கிறது, ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டரை ஒட்டி. புக்கிட் லாருட் மலை மேகத்தைத் தடுத்து ஊர்மேல் கொட்டவைக்கிறது. நுண்ணலையின் அலைநீளம் 7 கிகாஹெர்ட்ஸில் நாலு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். சில மில்லிமீட்டர் பருமனுள்ள மழைத்துளி அதைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. 80 கிகாஹெர்ட்ஸில் அலைநீளமே நாலு மில்லிமீட்டருக்குள் வந்துவிடும். துளியும் அலையும் ஒரே அளவு. அப்போது ஒவ்வொரு துளியும் அலையைச் சிதறடித்து விழுங்கும். அதிக தரவு சுமக்கும் உயர் அலைவரிசைகள்தான் மழையில் முதலில் சாகும். மாலை நேரத்து அடைமழையில் கேபிளும் அறுந்து, நுண்ணலையும் மங்கினால் ஆலைக்கு வழியே இல்லை. இங்கே இரண்டாவது தடமும் கண்ணாடி இழையாக இருப்பதே நல்லது. அதற்குப் பணமில்லாவிட்டால், பொது இணையத்தின் மேல் ஒரு விபிஎன்னைத் தயாராக வைத்திருக்கலாம். முதல் தடம் செத்ததை ரவுட்டர் கண்டுகொள்ளும் நேரத்தையும் கவனியுங்கள். பிஜிபியின் வழக்கமான அமைப்பில் 90 நொடி பேச்சில்லாமல் போன பிறகுதான் மறுமுனை செத்ததாக முடிவு செய்யும். பிஎஃப்டி என்ற துணை முறையைச் சேர்த்தால் ஒரு நொடிக்குள் தெரிந்துவிடும்.

எல்லாருக்கும் இது வேண்டுமா? வேண்டாம். பத்துப் பேர் மின்னஞ்சல் பார்க்கும் அலுவலகத்துக்கும், கிளவுட்டில் கணக்குப் புத்தகம் வைத்திருக்கும் கடைக்கும், நன்றாக அமைத்த விபிஎன் போதும், அது மலிவும்கூட. நாள் முழுதும் நிற்காமல் தரவு ஓடுகிற இடம், தாமதம் ஏறி இறங்கினால் இயந்திரம் நின்றுபோகிற இடம், நோயாளிகளின் படங்களும் வங்கிக் கணக்குகளும் கைமாறுகிற இடம், இவற்றுக்குத் தனித்தடம் செலவுக்குத் தகுந்த பயன் தரும். கிளவுட் மையங்கள் மலேசியாவுக்குள்ளேயே வந்துவிட்டதால், முன்பு சிங்கப்பூர் வரை போட வேண்டியிருந்த தடம் இப்போது கோலாலம்பூரோடு முடிகிறது. பேராக்கின் நடுத்தர ஆலைகளும் இதைப் பற்றி யோசிக்க வேண்டிய காலம் இது.

யோசிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு நிறுவனங்களிடம் இரண்டு இணைப்பு வாங்கியதோடு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். இருவரும் மூன்றாவது ஒருவரின் ஒரே குழாயில் வாடகைக்கு இழை எடுத்திருக்கலாம், கமுந்திங்கிலிருந்து பட்டணம் வரை ஒரே கம்ப வரிசையில் தொங்கலாம். கையெழுத்திடுமுன் இரு தடங்களின் வரைபடத்தையும் எழுத்துமூலமாகக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பாலம், எந்தக் கால்வாய், எந்தத் தரவு மையம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். வரைபடம் தர மறுக்கும் நிறுவனத்திடம் இரண்டாவது தடத்தை வாங்க வேண்டாம். எல்லாம் அமைந்த பிறகு, ஆலை ஓய்ந்திருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதன்மைக் கேபிளை நீங்களே கழற்றிவிட்டுப் படங்கள் தொடர்ந்து போகின்றனவா என்று பாருங்கள். ஆண்டுக்கு இரண்டு முறையாவது இதைச் செய்யுங்கள்.